கொக்கி போட்ட டாக்டரம்மா

அவருடைய கையெழுத்து புரியும். எனக்கு அவர் மேல் வந்த முதல் சந்தேகமே அதுதான். எங்கள் ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுண்டரில் பல வருடமாக உட்கார்ந்திருப்பவன் நான். டாக்டர்கள் கிறுக்குவதை என்னால் மட்டும்தான் படிக்க முடியும் என்பதில் எனக்கு ஒரு கெத்து இருந்தது. இந்தம்மா வந்த வாரத்திலேயே நோயாளிகள் மருந்துப் பெயரைத் தாங்களே படித்துக்கொண்டு வந்து நின்றார்கள். என் பிழைப்பில் கை வைத்துவிட்டார் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது சந்தேகம் கொக்கி. சீட்டின் தலைப்பில் நோயின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார். சில சீட்டுகளில் பெயரே இருக்காது, கேள்விக்குறி மட்டும் தனியாக நிற்கும். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மற்ற டாக்டர்கள் எழுதி முடித்ததும் கீழே கோடு இழுப்பார்களே, இவர் மட்டும் ஏன் கொக்கி மாட்டிக் கொடுக்கிறார் என்று என்னிடம் கேட்டார். அன்றிலிருந்து அவர் கொக்கி டாக்டர். சொந்தப் பெயரைச் சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. நானும் இங்கே அதைச் சொல்லப் போவதில்லை.

திருப்புட்குழிப் பக்கம் ஊர். நிலபுலன் உள்ள குடும்பம். சென்னையில் படித்துவிட்டு, எல்லோரும் போகிற வெளிநாட்டுக்குப் போகாமல் பஸ் ஏறிக் காஞ்சிபுரத்துக்கே வந்து சேர்ந்தவர். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை ஒரு பட்டுக்கடைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். முகூர்த்த நாளில் பார்த்தால் கல்யாணப் புடவை எடுத்துக்கொண்டு போகிற பெண் என்றே நினைக்கத் தோன்றும். அவருடைய சித்தப்பா ஏதோ ஒரு கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருந்தார். அவருக்குத் தெரியாதது உலகத்தில் எதுவுமே கிடையாது. அப்படிப்பட்டவர் இருந்த வீட்டில் வளர்ந்ததால்தான் இந்தப் பெண் இப்படி ஆனதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. ஏனென்றால் டாக்டரம்மா வாயைத் திறந்தால் வருகிற முதல் வார்த்தை 'தெரியாது'.

ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்த ஓர் அம்மா, பாதம் எரிகிறது என்று அவரிடம் காட்டிவிட்டு நேராக என் ஜன்னலுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"படிச்ச பொண்ணு மாதிரிதான்பா இருக்குது. காலு ஏன் எரியுதுன்னு கேட்டா, தெரிலமா, பார்ப்போம்ன்னுது. ரத்தம் எடுக்கச் சொல்லுது. தெரியாதவங்களுக்கு எதுக்குப்பா என் ரத்தம்?"

 ரத்தத்தில் சர்க்கரை ஏகத்துக்கு இருந்தது என்பது மறுநாள் தெரிந்தது. ஆனாலும் அந்த அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. முதலிலேயே சர்க்கரை என்று அடித்துச் சொல்லிவிட்டு அப்புறம் ரத்தம் எடுத்திருக்கலாமே என்பது அவருடைய கட்சி. ஊரே கொஞ்சம் அந்தக் கட்சிதான்.

எங்கள் டிரஸ்ட் செயலாளர் அந்தக் கட்சியின் தலைவர் என்றே சொல்லலாம். பரம்பரையாகப் பட்டு வியாபாரம். ஆஸ்பத்திரியை அவருடைய அப்பா காலத்தில் நாலு வியாபாரிகள் சேர்ந்து ஆரம்பித்தார்கள். இவர் தினமும் கடைக்குப் போகும் வழியில் வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார். புகார் காதுக்கு எட்டியதும் டாக்டரம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். மருந்து இருப்புக் கணக்கோடு நானும் அந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன்.

"பொடவ எடுக்க வர்றவங்க சாயம் போவுமான்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்லணும்?" என்றார் செயலாளர்.

"போகுமான்னு உங்களுக்குத் தெரியுமா சார்?"

"அது இல்லமா கேள்வி. போவவே போவாதுன்னு சொல்லணும். அப்பதான் அது கடை."

"தண்ணில ஒரு ஓரத்தை நனைச்சுப் பார்த்துட்டுச் சொல்லலாமே சார்."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன். அது ஓடவில்லை, இருந்தாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

டாக்டரம்மாவோடு பழகுவது லேசுப்பட்ட காரியம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மழை வரும் போலிருக்கிறது என்று சும்மா பேச்சுக்குச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்பார். ஐஸ் தண்ணீர் குடித்துத்தான் எனக்குப் பல் வலி என்றேன் ஒருநாள். அன்றைக்கு ஐஸ் தண்ணீர் குடித்த மற்றவர்களுக்கும் பல் வலிக்கிறதா என்று விசாரிக்கக் கிளம்பிவிட்டார். பல் வலியோடு தலைவலியும் சேர்ந்தது எனக்கு. ஆனால் கேட்கும்போது அவர் முகத்தில் கிண்டல் இருக்காது. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம் அது. அந்த முகத்தைப் பார்த்துக் கோபத்தை நீட்டிக்க முடியாது.

இப்படி இருக்கும்போது செயலாளர் சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போய்வந்தார். சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளிலும் ஆராய்ச்சிக் கலாச்சாரம் வளர வேண்டும் என்று அங்கே யாரோ பேசியிருக்கிறார்கள். ஆராய்ச்சி அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, கலாச்சாரம் நன்றாகப் புரிந்தது. கலாச்சாரம் என்றால் குத்துவிளக்கு. அடுத்த வாரமே உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, 'ஆராய்ச்சிப் பிரிவு' என்று போர்டு மாட்டி, நாதஸ்வரம் வைத்துத் திறந்தாயிற்று. பேனரில் ஒரு மைக்ரோஸ்கோப்பும் செயலாளரும் இருந்தார்கள். செயலாளர் பெரிதாக இருந்தார். அறைக்குள் ஒரு மேஜையும் நாற்காலியும் விளக்கு எரிந்த எண்ணெய்க் கறையும் இருந்தன.

ஆராய்ச்சியை மேற்பார்வை பார்க்க ஒரு குழு வேண்டும் என்று விதி இருக்கிறதாம். செயலாளர் தலைவர் ஆனார். அவருடைய மச்சான் உறுப்பினர். கூட்டம் தொடங்கியதும் தூங்கிவிடும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். பொதுமக்கள் சார்பில் ஓர் ஆள் வேண்டும் என்றதும் தன் மனைவியைப் போட்டுவிட்டார். முதல் கூட்டத்தில் கேள்வி கேட்டது அந்த அம்மா ஒருவர்தான். "இதால யாருக்குங்க நல்லது?" என்று கேட்டார். குழு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. டாக்டரம்மா மட்டும் அந்த அம்மாவைப் பார்த்து அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்தார்.

பிரிவுக்குப் பொறுப்பாக யாரைப் போடுவது என்ற கேள்வி எழவே இல்லை. மற்ற டாக்டர்களுக்குச் சாயங்காலம் சொந்த கிளினிக் இருந்தது. எல்லாம் தெரிந்தவர்களுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று செயலாளர் நினைத்திருக்கலாம். தெரியாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவரிடமே ஒப்படைத்தார்.

டாக்டரம்மா செய்த முதல் காரியம் புதன்கிழமைக் கூட்டம். மதியம் டீயும் பஜ்ஜியும் உண்டு. வாசல் செக்யூரிட்டி முதல் சர்ஜன் வரை யார் வேண்டுமானாலும் வரலாம். வந்தவர் தனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும், அதை எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்றும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சட்டம். முதல் வாரம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தெரியாது என்று சொன்னால் சம்பளத்தில் கை வைப்பார்களோ என்று பயம். இரண்டாம் வாரம் பயம் போய்விட்டது, அதோடு மரியாதையும் போய்விட்டது. வீல்சேர் எங்கே என்றால் வார்டு பையன் 'தெரியாது டாக்டர்' என்று பெருமையாகச் சொன்னான். ஆம்புலன்ஸ் சாவி எங்கே என்றால் டிரைவரும் அதையே சொன்னார். ஆஸ்பத்திரி முழுக்க ஆராய்ச்சி மணம் வீச ஆரம்பித்தது. டாக்டரம்மா சளைக்காமல், "சரி, எப்படித் தெரிஞ்சுக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாவி மூன்று முறை டிரைவரின் சட்டைப் பையிலிருந்தே கண்டுபிடிக்கப்பட்டது.

அப்போதுதான் மச்சானின் பொடி வந்தது. நாவல்கொட்டையை இடித்துச் சலித்து, சர்க்கரை நோய்க்கு என்று டப்பாவில் அடைத்து வைத்திருந்தார். அதை ஆராய்ச்சி செய்து நிரூபித்துத் தர வேண்டும் என்றார் செயலாளர். நிரூபிக்கிறேன் என்று சொல்ல முடியாது, பார்க்கிறேன் என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்றார் டாக்டரம்மா. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று செயலாளருக்கு விளங்கவில்லை. மார்கழியில் நல்ல காரியம் தொடங்குவதா என்பதுதான் அவருடைய கவலை. இப்போது தொடங்கினால் தை முடிந்ததும் வெளியீட்டு விழா வைக்கலாம் என்று மச்சான் எடுத்துச் சொன்னதும் சம்மதித்தார்.

சர்க்கரை நோயாளிகளைக் கூட்டி, டாக்டரம்மா விஷயத்தை விளக்கினார். பாதிப் பேருக்குப் பொடி, பாதிப் பேருக்குப் பொடி இல்லை. மாத்திரையை இரண்டு பக்கமும் விடாமல் சாப்பிட வேண்டும். இன்றைக்கு வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துப் பார்ப்போம், தை கடைசியில் மறுபடியும் எடுத்துப் பார்ப்போம். யாருக்குப் பொடி என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கினால் பெயர் வந்தவருக்கு அதிர்ஷ்டம் என்று அர்த்தம். பொடி கிடைத்தவர்கள் பாத்திரம் பரிசு விழுந்த மாதிரி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிடைக்காதவர்கள் என் ஜன்னலுக்கு வந்து சண்டை போட்டார்கள். ஐயம்பேட்டை அம்மா அதில் முதல் ஆள். நான்தான் சீட்டை மடித்து மறைத்துவிட்டேன் என்று அவருக்கு நிச்சயம்.

தை முடிந்தது. பொடி சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நன்றாகவே இறங்கியிருந்தது. செயலாளர் அந்தப் பக்கத்துத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போய் பேனருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். 'காஞ்சியில் நிரூபிக்கப்பட்டது' என்று பேனர். டாக்டரம்மா அடுத்த பக்கத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார். பொடி சாப்பிடாதவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு இறங்கியிருந்தது.

"அவங்களப் பத்தி யாருமா கேட்டா?" என்றார் செயலாளர்.

அந்தப் புதன்கிழமை டாக்டரம்மா பஜ்ஜியைத் தொடவில்லை. பொடியும் இல்லாமல், மாத்திரை அளவும் கூடாமல், இவர்களுக்கு எப்படி இறங்கியது? தெரியாது என்றார். இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. அடுத்த சில நாட்கள் ஒவ்வொரு நோயாளியையும் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தார். தூக்கம், வேலை, காபி, சண்டை சச்சரவு என்று எதையும் விடவில்லை. ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் என் ஜன்னலுக்கு எதிர்ப் பெஞ்சில் ஐயம்பேட்டை அம்மாவோடு உட்கார்ந்திருந்தார். பொடி விற்பனைக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டு அதையே வாங்கிச் சாப்பிடப் போவதாக அந்த அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவுக்கு அதைக் கேட்டதும் முகம் வெளிறிப்போனது. பிறகு எத்தனையாவது தடவையாகவோ அதே கேள்வியைக் கேட்டார்.

"மார்கழில மொதல் தடவ ரத்தம் குடுக்க வந்தீங்களேமா, அன்னிக்கு வெறும் வயிறுதானே?"

"வெறும் வயிறுதான். பச்சத் தண்ணி பல்லுல படல. நேரா பஜன கோயில்லேந்து வர்றேன்."

"கோயில்ல ஒண்ணும் சாப்பிடலையே?"

"சாப்புடல. பிரசாதம் வாங்கிக்கினேன், அவ்ளோதான்."

"பிரசாதம்னா?"

"பொங்கல்மா. தொன்னை நெறய குடுத்தாங்க, நெய் வழிஞ்சுக்கினு."

"அது சாப்பாடு இல்லையாமா?"

அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிரசாதத்தப் போயி சாப்பாடுன்னு சொல்றியே. நீ நம்ம பக்கத்துப் பொண்ணுதானே?"

எங்கள் ஊரில் மார்கழி மாதம் தெருவுக்குத் தெரு பஜனை கோயில். விடிவதற்குள் பொங்கல். தறியில் உட்காருகிறவர்களும் கடை திறக்கிறவர்களும் அதை வாங்கித் தின்றுவிட்டுத்தான் அன்றைய பொழுதைத் தொடங்குவார்கள். எங்கள் தெருக் கோயிலில் ஒருநாள் பொங்கல் செயலாளரின் உபயம், முந்திரி அதிகமாக இருக்கும். முதல் தடவை ரத்தம் கொடுத்த அத்தனை பேரும் பொங்கல் வயிற்றோடு வந்து, மனசாட்சிக்கு விரோதம் இல்லாமல் வெறும் வயிறு என்று சொல்லியிருக்கிறார்கள். தை பிறந்தது, பொங்கல் நின்றது, சர்க்கரை தானாக இறங்கியது.  டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நானும் மார்கழி முழுக்க எங்க ஊரு கோயில்ல தின்னுட்டுத்தாண்ணா வந்தேன். காலைல சாப்பிட்டியான்னு சிஸ்டர் கேட்டா இல்லைன்னுதான் சொன்னேன்" என்றார்.

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது செயலாளர் அவரைக் கூப்பிட்டு, மேடையில் இரண்டு வரி பேசினால் போதும் என்றார். நல்ல பொடி, நல்ல முயற்சி, நன்றி. டாக்டரம்மாவின் வேலை ஒப்பந்தம் அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியது என்பதையும் நினைவுபடுத்தினார். வீட்டில் அப்பாவுக்கு அப்போது உடம்பு சரியில்லை. அவருக்கு இந்த ஊரில், வீட்டுக்குப் பக்கத்தில், வேலை வேண்டியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. பொதுவாக ஏதாவது பேசிவிட்டு இறங்கிவிடுங்கள் அம்மா, யாரும் தூக்கில் போட மாட்டார்கள் என்றேன்.

"அந்த ஐயம்பேட்டம்மா மாத்திரைய நிறுத்திட்டா அதுக்கு யாருண்ணா பதில் சொல்றது?" என்று கேட்டார். 

விழா நடந்தது. நாதஸ்வரம், விளக்கு, பொன்னாடை, எல்லாம் முறைப்படி. முன்வரிசையில் குழு. தலைமையாசிரியர் தூங்கிக்கொண்டிருந்தார். பின்னால் நோயாளிகள், பொடி கிடைத்தவர்கள் ஒரு பக்கமும் கிடைக்காதவர்கள் ஒரு பக்கமும் தாங்களாகவே பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா மைக்கைப் பிடித்தார். 

"பொடி சாப்பிட்டவங்களுக்கு சக்கரை எறங்கியிருக்குது. சாப்பிடாதவங்களுக்கும் அதே மாதிரி எறங்கியிருக்குது. மொதல் தடவ ரத்தம் எடுத்தப்ப நாம எல்லாரும் கோயில் பொங்கல் சாப்பிட்டிருந்தோம். நான் அதைக் கேக்காம விட்டுட்டேன், தப்பு என்னோடது. இந்தப் பொடி கேக்குதா இல்லையான்னு எங்களுக்குத் தெரியாது. மறுபடியும் ஒழுங்கா பார்க்கணும். அதுவரைக்கும் யாரும் மாத்திரைய நிறுத்தாதீங்க."

கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு ஒரு பக்கத்திலிருந்து பலத்த கைதட்டல். பொடி கிடைக்காத பக்கம் அது. தாங்கள் ஏமாந்துபோகவில்லை என்பதை மேடையிலேயே அறிவித்துவிட்டார்கள் அல்லவா? ஐயம்பேட்டை அம்மா எழுந்து நின்று தட்டினார். மச்சான் டப்பாக்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். செயலாளரின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். செயலாளர் அவரைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. விளக்கேற்றித் திறந்த பிரிவை டியூப்லைட்டை அணைத்து மூடினோம். உடைந்த கட்டில்கள் பழைய இடத்துக்கே வந்தன. போர்டு மட்டும் இருக்கட்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். டாக்டரம்மா வேலையை விட்டுப் போன அன்று பட்டுக்கடைப் பையோடு என் ஜன்னலில் நின்று, வருகிறேன் அண்ணா என்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். இன்னும் தெரியலை என்றார்.  பின்னால் இருந்த அலமாரியில் மாத்திரை எண்ணுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அவருக்குப் பதிலாக வந்தவர் அருமையான டாக்டர். நோயாளி உட்காருவதற்கு முன்பே நோயைச் சொல்லிவிடுவார். கையெழுத்து ஒரு எழுத்தும் புரியாது. என் கெத்து எனக்குத் திரும்பக் கிடைத்தது. ஊரும் திருப்தியாக இருந்தது. புதன்கிழமை மதியம் மட்டும் எனக்கு ஏனோ வேலை ஓடாது.

போன வருடம் செயலாளரின் மனைவிக்கு உடம்பு இளைக்க ஆரம்பித்தது. விட்டு விட்டுக் காய்ச்சல். எங்கள் டாக்டர் வயிற்றுப்புண் என்று அடித்துச் சொன்னார். இன்னொரு டாக்டர் மனக்கவலை என்று அடித்துச் சொன்னார். சென்னையில் ஒருவர் வயசு என்று அடித்துச் சொன்னார். மூன்று பேர் மருந்தும் சாப்பிட்டு அந்த அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார். ஒருநாள் மத்தியானம், கூட்டம் கலைந்த பிறகு, செயலாளர் என் ஜன்னலுக்கு வந்து நின்றார். அத்தனை வருடத்தில் அவர் அந்த ஜன்னலுக்கு வந்ததே இல்லை. வேட்டி கசங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணு நம்பர் உன்கிட்ட இருக்குதாப்பா? வீட்ல அதத்தான் கூப்புடச் சொல்றாங்க" என்றார்.

இருந்தது. வாலாஜாபாத் தாண்டி ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் அவர் இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். நானே போன் போட்டுக் கொடுத்தேன். செயலாளருக்குக் காது சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் வைத்தேன். டாக்டரம்மா பழையதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போது காய்ச்சல் வருகிறது, எவ்வளவு இளைத்திருக்கிறார், தூங்குகிறாரா, யார் யார் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். செயலாளர் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி பதில் சொன்னார். கடைசியில் அவரால் அடக்க முடியவில்லை.

"இன்னா வியாதிமா அது?"



"தெரிலங்க சார்" என்றார் டாக்டரம்மா. "நாளைக்குக் கூட்டிக்கினு வாங்க. எப்படித் தெரிஞ்சுக்கலாம்னு பார்ப்போம்."

செயலாளர் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார். பல வாரமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்ட மாதிரி தோள் இரண்டும் இறங்கின. அவர் அழுகிறார் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"வெறும் வயித்துல கூட்டிக்கினு வாங்க" என்றது ஸ்பீக்கர். "கோயிலுக்குப் போனா பிரசாதம்கூட வேணாம்."

"சரிங்க டாக்டர்" என்றார் செயலாளர். டாக்டரம்மாவை அவர் டாக்டர் என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.